உபவாசம்னு சொல்லிருங்க

டேப்பை மடக்கிப் பையில வைங்க தம்பி. முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல. இந்தப் பெஞ்சுல உக்காருங்க, ஃபேனைப் போடுதேன்.

உங்க மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. பாளையங்கோட்டையில இருந்து இந்த வெயில்ல பைக்குல வந்திருக்கிய. சுகிர்தம் டீச்சர் அனுப்புனாவ, வந்திய. நீளம் அகலம் குறிச்சிட்டுப் போயிருதேன், பத்து நிமிசம்தான்னு சொல்லுதிய. நான் அளக்க விட மாட்டேன். கோயில்ல நானூறு பேருக்கு முன்னால எந்திரிச்சு நின்னு வீடு இருக்கட்டும்னு சொன்னவ நான். அதுக்குப் பொறவும் ஒரு இன்ஜினியரை அனுப்புதாவன்னா, நான் சொன்னது ஒண்ணும் அவிய காதுல ஏறலைன்னுதான அர்த்தம்?

கல்லு வெட்டியாச்சு, தெரியுமா உங்களுக்கு? வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டல, அதுக்கு முன்னால கல்லு வந்துட்டு. கோயில்ல ஐயர் அங்கி மாத்துற அறையில ஆர்மோனியத்துக்குப் பின்னால சாத்தி வச்சிருக்காவ. ஐயர்னா எங்க சபை பாஸ்டர், நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம். கறுப்புக் கல்லு, தங்க எழுத்து. 'ஒடிசா மிஷன் பயணக் குழுவினரின் அன்பளிப்பாக ஏழை விதவை லேயாளுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டது.' நானே போயி வாசிச்சேன். கூட்டுற சாக்குல உள்ள போயி, கல்லைத் திருப்பி வாசிச்சேன்.

எங்க கோயில்ல பேர் எழுதாத சாமான் கிடையாது தம்பி. ஃபேன் றெக்கையில பேரு, பெஞ்சு முதுகுல பேரு. ட்யூப் லைட்டுல அப்பா பேரு, அம்மா பேரு, பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் எழுதி, மிச்சம் இருக்க இடத்துலதான் வெளிச்சம் வரும். எழுதிட்டுப் போறாவ, கொடுத்தவங்க பேரை எழுதுறது வழக்கம்தான. ஆனா வாங்குறவ பேரை எழுதி, அதுக்கு முன்னால 'ஏழை விதவை'ன்னு போட்டு, அதை என் வாசல் நிலைக்கு மேல பதிச்சு, தினம் நான் அதுக்குக் கீழ குனிஞ்சு போயிட்டு வரணுமாக்கும்.

கல்லு மட்டும்தான் பிரச்சனைன்னு நினைச்சிராதிய. ஐயர் வந்து கேட்டாரு, 'ஏம்மா, கல்லு இல்லாமக் கட்டுனா சம்மதமா'ன்னு. அப்பவும் மாட்டேன்னுதான் சொன்னேன். அவருக்குப் புரியல. உங்களுக்குப் புரியுதா பாப்போம், படிச்ச பிள்ளை.

என்னைப் பத்தி டீச்சர் என்ன சொல்லியிருப்பாவ? ஏழை, விதவை, கோயிலுக்குப் பின்னால குடியிருக்கா, மழை பெஞ்சா ஒழுகும். எல்லாம் சரிதான். என் வீட்டுக்காரர் தானியேல் இந்தக் கோயில்ல மணியடிச்சவர். அவர் போயி எட்டு வருசமாச்சு. ஆனா நான் சமையக்காரி, அதைச் சொன்னாவளா? சொல்லியிருக்க மாட்டாவ. இந்தச் சேகரத்துல, அதான் இந்தச் சுத்துப்பட்டு சபைகள்ல, ஒரு ஞானஸ்நானம், ஒரு நிச்சயதார்த்தம், பெண்கள் சங்கக் கூடுகை எதுன்னாலும் லேயாளைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாவ. இருவது வருசமா இந்த ஊரு என் கையால தின்னுருக்கு. டீச்சர் வீட்டுல மூணு பிள்ளைக கல்யாணத்துக்கும் முந்தின நாள் பந்தி என் கைதான்.

டீச்சர் நல்லவங்க. அதையும் சொல்லிருதேன். ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். யாரு வீட்டுல சுகமில்லன்னாலும் முதல் ஆளாப் போயி ஜெபம் பண்ணுவாவ. கெட்டவங்களா இருந்தா எனக்கு இவ்வளவு சங்கடம் கிடையாது. மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போயிருவேன்.

எங்க சபையில இருந்து ஒடிசா மலையில ஒரு பணித்தளத்தைத் தாங்குதோம். நானும்தான் தாங்குதேன். தினம் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியா டப்பாவுல போட்டு, மாசக் கடைசியில சங்கத்துல கொண்டு கொடுக்கணும், அதான் வழக்கம். என் வீட்டு டப்பா அந்தா இருக்கு பாருங்க. இந்த வருசம் மாசி மாசம், நாமளே நேர்ல போயிப் பாத்துட்டு வருவோம்னு டீச்சர் கிளம்புனாவ. பதினாலு பேரு. பதினஞ்சாவது நான்.

நான் எதுக்குன்னா, அங்க எல்லாம் கடுகெண்ணெய். டீச்சருக்கு வயிறு ஒத்துக்கிடாது, மத்தவங்களுக்கும் பயம். 'லேயா, நீயும் வா, உனக்கும் ஒரு ஆசீர்வாதமா இருக்கும்'னாவ. கேஸ் அடுப்பு, ரெண்டு மூட்டை பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, மிளகாப்பொடி, ஊறுகா, அப்பளம் உட்பட எல்லாத்தையும் கட்டிக்கிட்டு ரயில் ஏறினோம். எல்லாருக்கும் கழுத்துல பேரு போட்ட அட்டை. எனக்கு அட்டை கிடையாது, நான் சாமான் கணக்குல. மிஷன் பயணத்துக்குச் சமையக்காரியைக் கூட்டிட்டுப் போன ஒரே சபை நாங்களாத்தான் இருக்கும்.

ரெண்டு நாள் ரயிலு, பொறவு ஜீப்பு, பொறவு நடை. மேல பதினோரு வீடு. அங்க மிஷனரியா இருக்கது பொன்சிங்னு ஒரு பிள்ளை, நம்ம சாத்தான்குளம் பக்கம்தான். ஒம்பது வருசமா அந்த மலையில இருக்காரு. நாங்க ஏறிப் போகும்போதே கொட்டுச் சத்தம் கேக்குது. பொம்பளைய எல்லாம் செம்புல தண்ணி வச்சுக்கிட்டு வரிசையா நிக்காவ. எதுக்குன்னு பாத்தா, வந்த விருந்தாளுக காலைக் கழுவி விடதுக்கு! அது அவிய முறை. டீச்சர் காலைக் கழுவுனாவ, டீச்சர் கண்ணுல பொலபொலன்னு தண்ணி, போட்டோ எடுத்தாச்சு. பொறவு ஒரு பொம்பளை என் முன்னால வந்து உக்காந்தா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. என் காலை என் அம்மாவுக்குப் பொறவு யாரும் தொட்டதில்ல தம்பி. வேண்டாம்மா வேண்டாம்மான்னு பின்னால போறேன், அவ விடல. புடிச்சு இழுத்துக் கழுவுனா. அவ பேரு புத்னி.

அவ வீட்டுக்குள்ளதான் முதல்ல கூட்டிட்டுப் போனாவ. ஒரு அறை. மண்ணு தரை, ஒரு மூலையில அடுப்பு, நாலு பானை, ஒரு கயித்துல துணி. டீச்சர் உள்ள காலை வச்சதும் அழுக ஆரம்பிச்சாவ பாருங்க. 'ஆண்டவரே, இப்படியும் ஜனங்க வாழுதாங்களே, நாங்க எவ்வளவு முறுமுறுக்கோம்'னு விம்மி விம்மி அழுகுதாவ. கூட வந்தவங்களும் அழுகுதாவ. நான் மேல கூரையைப் பாக்கேன். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வரல தம்பி! ஓடு ஒண்ணோட ஒண்ணு அப்படிப் பொருந்திக் கிடக்கு. செவரு மழமழன்னு பூசி, அடியில சிவப்பு மண்ணால ஒரு பட்டை. எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. இதுக்கே இப்படி அழுதா, என் வீட்டுக்கு வந்தா டீச்சருக்கு மயக்கம்லா வரும்னு நினைச்சேன். நல்லவேளை, அவிய என் வீட்டுக்குள்ள வந்ததே இல்ல.

நான் ரொம்ப யோக்கியம்னு சொல்ல வரல. எனக்கும் முதல்ல அவளைப் பாத்து பாவம்னுதான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் இருந்துச்சு. என்னையும் பாத்து பாவம்னு சொல்லுதவங்கதான ஊர்ல எல்லாரும். எனக்கும் பாவம்னு சொல்ல ஒரு ஆளு கிடைச்சாளேன்னு ஒரு சந்தோசம். பொய் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் பந்தி. அந்தப் பதினோரு வீட்டுக்காரங்களும் சேந்து எங்களுக்குச் சமைச்சிருக்காவ. இலையைக் குச்சியால தைச்சுக் கிண்ணம் மாதிரி செஞ்சு, அதுல கேப்பைக் கூழு, சோறு, சேவக்கறி. அந்தச் சேவல் புத்னி வீட்டுது. வேற சேவல் ஊர்ல இல்லைன்னு பொன்சிங் பொறவு சொன்னாரு. பாய் விரிச்சு எல்லாரையும் உக்கார வச்சாச்சு. டீச்சர் அந்த இலையைப் பாக்காவ, கூழைப் பாக்காவ. பக்கத்துல இருந்தவங்க மூஞ்சியைப் பாக்காவ. பொறவு பொன்சிங் காதுல மெதுவாச் சொன்னாவ, நான் பின்னாலயே நிக்கேன், என் காதுலயும் விழுது. 'தம்பி, இவங்களே ஒரு வேளைக் கஞ்சிக்குக் கஷ்டப்படுறவங்க. இவங்க சோத்துல போயி நாங்க பங்கு கேக்கணுமா? மனசு வரல. நாங்க இன்னைக்கு உபவாசம்னு சொல்லிருங்க.'

பொன்சிங் மூஞ்சி செத்துப் போச்சு. 'அம்மா, ஒரு வாய் மட்டும்...'ன்னாரு. 'இல்ல தம்பி, உபவாசம்னு சொல்லிருங்க'ன்னாவ. அவரும் அவிய பாஷையில சொல்லிட்டாரு. அந்த ஜனங்களுக்கு உபவாசம்னா பெரிய மரியாதை. நமக்காக வயித்தைக் காயப்போட்டு ஜெபம் பண்ணுதாங்களேன்னு கையெடுத்துக் கும்பிட்டாவ. சட்டியை எல்லாம் மூடி அடுப்போரமா வச்சாவ.

அதுக்குப் பொறவு நான் எங்க இருந்தேன்? பொன்சிங் வீட்டுக்குப் பின்னால புளியோதரை கிளறிக்கிட்டு இருந்தேன் தம்பி. பதினாலு பேருக்கு. அப்பளம் வேற பொரிச்சேன். எல்லாரும் ஒவ்வொருத்தரா நைசாப் பின்பக்கம் வந்து, வட்டமா உக்காந்து சாப்பிடுதாவ. டீச்சர் ரெண்டாந்தடவை கேட்டு வாங்குனாவ. நான் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு நிமுந்து பாக்கேன், செவத்து ஓரத்துல புத்னி நிக்கா.

அவ எதுக்கு வந்தான்னு பொன்சிங்தான் பொறவு சொன்னாரு. உபவாசம் எத்தனை மணிக்கு முடியும், அதுவரைக்கும் கறியைச் சூடா வச்சிருக்கணுமேன்னு கேக்க வந்திருக்கா. வந்தவ பாத்தா. டீச்சர் அப்பளத்தைக் கையில புடிச்சபடி அப்படியே இருக்காவ. புத்னி திரும்பிப் போயிட்டா.

எனக்கு வந்த கோவம் இருக்கே! யாரு மேலன்னு கேக்காதிய. டீச்சர் மேலயும் வந்துச்சு, என் மேலயும் வந்துச்சு. நான் புளியையும் அரிசியையும் கட்டிக்கிட்டு வராம இருந்திருந்தா, பசி தாங்காமயாவது அந்தக் கூழைக் குடிச்சிருப்பாவல்லா? கரண்டியைக் கீழ போட்டேன். டீச்சர் 'லேயா, எங்க போற, தண்ணி எடுத்து வை'ன்னாவ. வாழ்க்கையில முதல் தடவையா டீச்சர் கூப்பிட்டு நான் திரும்பிப் பாக்கல.

புத்னி அவ வீட்டு வாசல்ல முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. என்னை ஏறிட்டுப் பாக்கல. நானும் பக்கத்துல உக்காந்தேன். அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. என் வாயைத் தொட்டுக் காமிச்சேன், வயித்தைத் தொட்டுக் காமிச்சேன். அவ என்னை ரொம்ப நேரம் பாத்தா. நம்பல. பொய் சொன்ன கூட்டத்து ஆளுதான நானும்? பொறவு எந்திரிச்சு உள்ள போயி, அந்தச் சேவக்கறியும் சோறும் வச்சுக் கொண்டாந்தா. கொடுத்துட்டு எதுத்தாப்புல நின்னுக்கிட்டா, தின்னுதேனா இல்லையான்னு பாக்கதுக்கு.

தின்னேன். வழிச்சுத் தின்னேன். கறி நல்லா வெந்திருந்துச்சு, ஆனா உப்புக் கம்மி. சொல்லணும்லா, நான் சமையக்காரி. நாக்கைத் தொட்டு, கையை இப்படி ஆட்டிக் காமிச்சேன். அவளுக்குப் புரிஞ்சிட்டு. கண்ணை உருட்டி என்னை ஒரு முறை முறைச்சா பாருங்க, என் மாமியா கூட அப்படி முறைச்சதில்ல! உள்ள போயி உப்பை அள்ளிட்டு வந்து என் சோத்துல போட்டா. பொறவு அவளும் ஒரு வாய் எடுத்துத் தின்னு பாத்துட்டு, ஆமான்னு தலையாட்டிச் சிரிச்சா. ரெண்டு பேரும் சிரிச்சோம். எத்தனை பிள்ளைன்னு விரலைக் காமிச்சுக் கேட்டா, ஒண்ணுன்னேன். அவளுக்கு அஞ்சு, அதுல ரெண்டு இல்லைன்னு மண்ணைத் தொட்டுக் காமிச்சா.

தின்னுட்டு எந்திரிக்கும்போது அவ எனக்கு ஏழையாத் தெரியல தம்பி. உப்புக் கம்மியாப் போடுற ஒரு பொம்பளையாத் தெரிஞ்சா. அவ்வளவுதான். அதைத்தான் நான் ஒடிசாவுல போயிப் படிச்சிட்டு வந்தேன். டீச்சர் வேற என்னமோ படிச்சிட்டு வந்திருக்காவ.

ஊருக்கு வந்து மூணாவது வாரம் மிஷனரி ஞாயிறு. திருவிருந்து, அதான் அப்பமும் ரசமும் கொடுக்கது, முடிஞ்சதும் டீச்சர் சாட்சி சொல்ல ஏறினாவ. திரை கட்டி, மெஷின் வச்சு, படம் காட்டுதாவ. கால் கழுவுற படம் வந்துச்சு, புத்னி வீடு வந்துச்சு. மண்ணு தரை, நாலு பானை. கோயில் முழுக்க 'உச்சு உச்சு'ன்னு சத்தம். டீச்சர் பேசுனாவ, நல்லாத்தான் பேசுனாவ. 'இந்தப் பயணம் என் கண்ணைத் திறந்துட்டு. ஏழ்மைன்னா என்னன்னு அங்கதான் கண்டேன். அதை விட, ஆண்டவர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். மகளே, இத்தனை தூரம் வந்தியே, உன் வாசல்ல கிடக்கிற ஏழையைப் பாத்தியான்னு கேட்டார்'னு சொல்லி நிறுத்துனாவ. எனக்குப் புல்லரிச்சிட்டு. யாரைச் சொல்லுதாவன்னு நானும் திரையைப் பாக்கேன்.

என் வீடு வருது.

இதே வீடு தம்பி. இந்தக் கூரை, ஒழுகுறதுக்கு வச்ச அந்த அலுமினிய அண்டா, கயித்துல தொங்குற என் உள்பாவாடை. நான் இல்லாதப்போ வந்து, சன்னல் வழியா எடுத்திருக்காவ. புத்னி வீட்டுக்கு உச்சுக் கொட்டுன அதே வாய்ங்க, அதே மாதிரி என் வீட்டுக்கும் உச்சுக் கொட்டுது. என் கையால தின்ன வாய்ங்க! 'லேயா, எந்திரிச்சு நில்லு'ன்னாவ டீச்சர். நின்னேன். 'நம்ம லேயாளுக்குக் குழுவுல எல்லாரும் சேந்து ஒரு வீடு கட்டிக் கொடுக்கத் தீர்மானிச்சிருக்கோம்'னாவ. எல்லாரும் கை தட்டுதாவ. நான் அழுது, கையெடுத்துக் கும்பிடுவேன்னு பாத்துக்கிட்டு இருக்காவ.

நான் சொன்னேன், 'டீச்சர், வீடு இருக்கட்டும். நீங்க ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடுங்க. பொறவு கட்டுவோம்'னேன்.

அதை மட்டும் சொல்லி உக்காந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. டீச்சர் சிரிச்சுக்கிட்டே மைக்குல, 'ஐயோ, உனக்கு எதுக்கும்மா சிரமம், நீயே கஷ்டப்படுறவ'ன்னாவ. அதே வார்த்தை! அந்த மலையில பொன்சிங் காதுல சொன்னாவல்லா, அதே வார்த்தை! எனக்கு அடக்க முடியல. 'ஒடிசாவுல நாம யாரும் உபவாசம் இருக்கல டீச்சர். நான்தான் பின்னால பொங்கிப் போட்டேன்'னு சொல்லிட்டேன். நானூறு பேரு. ஐயர் அவசரமா ஒரு பாட்டு நம்பரைச் சொன்னாரு.

அன்னையில இருந்து எனக்குச் சமைக்க அழைப்பு கிடையாது. பெண்கள் சங்கத்துல மன்னிப்புக் கேக்கச் சொன்னாவ. எதுக்குக் கேக்கணும்? உண்மையைச் சொன்னதுக்கா? ஆனா வீடு மட்டும் வேண்டாம்னு விடமாட்டேங்காவ. அறிவிச்சாச்சு, கல்லும் வெட்டியாச்சு. நான் வாங்கலைன்னா அவியளுக்குல்லா அவமானம்.

தம்பி, நானும் டீச்சரும் ஒரே பாத்திரத்துல திருவிருந்து வாங்குதோம். அவிய வாய் வச்ச இடத்துலயே நானும் வாய் வைக்கேன். இருவது வருசமா என் கையால சமைச்சதைத் தின்னுதாவ, அது எல்லாம் அவிய அரிசி, அவிய சட்டி, அவிய வீடு. என் அரிசியில என் சட்டியில பொங்கினதை ஒரு பருக்கை தின்னதில்ல. கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுட்டுக் கொண்டு போனா, 'உன் பிள்ளைக்கு வச்சுக்கோ லேயா'ன்னு டப்பாவை அப்படியே திருப்பிக் கையில கொடுத்துருவாவ. அப்ப எல்லாம் அது அன்புன்னுதான் நினைச்சேன். புத்னி வாசல்ல உக்காந்த பொறவுதான் எனக்கு உறைச்சுது. என் கையில இருந்து எதையும் வாங்க மாட்டாவ, அதனாலதான் நான் ஏழை. ஓடு மாத்திட்டா அது மாறிருமா? நாலு செவரும் காங்கிரீட்டும் போட்டுக் கொடுத்தாலும், அந்த வீட்டுலயும் டீச்சர் தண்ணி குடிக்க மாட்டாவ.

என் மகளுக்கு இது புரியல. எமீமா. ஏழு மாசம் அவளுக்கு, தலைப்பிரசவம். பேறுகாலத்துக்கு இங்கதான் வரணும், அதான முறை. ஐப்பசியில பிள்ளை பிறக்கும், ஐப்பசியிலதான் மழையும் கொட்டும். போன்ல சண்டை. 'எம்மா, உனக்கு என்ன அவ்வளவு கொழுப்பு? சும்மா தாறதை வாங்கேன். பச்சப்பிள்ளையை அண்டாவுக்குப் பக்கத்துல போட்டு வளக்கவா'ன்னு கத்துதா. அவ மாமியா வேற, 'பேசாம இங்கயே பேறுகாலம் பாத்துக்கிடுவோம், நீங்களும் வந்து எங்ககூட இருங்க'ன்னு ஆள் விட்டுக் கேக்குது. எப்படிப் போவேன்? தூத்துக்குடியில உப்பளத்து வேலை அவங்களுக்கு. வெயில்ல நின்னு கால் எல்லாம் வெடிச்சுக் கிடக்கு அந்தம்மாவுக்கு. அவங்க உழைச்சுப் பொங்குறதுல போயி நான் உக்காந்து தின்னவா? மகளைப் பாக்கப் போனாலே நான் என் சோத்தைத் தூக்குவாளியில கட்டிக்கிட்டுத்தான் போவேன். அந்தம்மா மீனை வறுத்து வச்சுக்கிட்டு, 'ஒரு வாய் சாப்பிடுங்க மயினி'ன்னு நிக்கும். 'இருக்கட்டும், பிள்ளைகளுக்குக் கொடுங்க'ன்னு சொல்லிருவேன். அதுக்கு ஏன் மூஞ்சி அப்படிப் போகுதுன்னுதான் தெரியல. கொஞ்சம் பெருமை புடிச்ச பொம்பளை.

ஏன் தம்பி அப்படிப் பாக்கிய? அது வேற. சம்பந்தி வீடு. அது வேற, இது வேற.

பயமா இல்லையான்னு கேட்டா, பயமாத்தான் இருக்கு. மழைக்கு ரெண்டு மாசம்தான் கிடக்கு. ராத்திரி படுத்தா அந்த ஓட்டையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். நீங்க அளந்துட்டுப் போனா அடுத்த வாரம் கல்லும் மணலும் வந்து இறங்கிரும், தெரியும். வாய் வரைக்கும் வருது, சரி அளந்துட்டுப் போங்கன்னு. ஆனா சொல்ல மாட்டேன். டீச்சர்கிட்ட போயிச் சொல்லுங்க. மன்னிப்பு வேண்டாம், ஜெபம் வேண்டாம், அந்தக் கல்லைக் கூட வேணும்னா பதிக்கட்டும். ஒரு நாள் வந்து இந்த வீட்டுல உக்காரட்டும். தரையில உக்கார முடியாது, முட்டி வலி, தெரியும். இந்தப் பெஞ்சு இருக்கு. காரம் ஆகாது, கம்மியாப் போடுதேன். ஒரு வாய் தின்னட்டும். அன்னைக்கே நானே டேப்பு ஒரு முனையைப் புடிக்கேன்.

மணி ஒண்ணாகப் போகுது. கையைக் கழுவுங்க, அந்தா தொட்டியில தண்ணி இருக்கு. சாளை மீன் குழம்பும் முருங்கைக்கீரையும்தான். காலையிலயே வச்சது, இப்பம்தான் ருசி ஏறி இருக்கும்.

என்னது? சாப்பிட்டாச்சா? பன்னெண்டரைக்கு இங்க வந்திய, அதுக்குள்ள எங்க சாப்பிட்டிய?

டீச்சர் வீட்டுலயா.

அவியளாக் கூப்பிட்டுப் போட்டாவளா, நீங்களாக் கேட்டியளா? போற வழியில சாப்பிட்டுட்டே போயிருங்கன்னா சொன்னாவ? ஏன்னு சொன்னாவ? மறைக்காதிய தம்பி. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், சொல்லுங்க.

'அங்க ஒண்ணும் வாங்கிச் சாப்பிட்டுராதீங்க, பாவம்'னா?

சொன்னாவளா! அப்படியே சொன்னாவளா!

இல்ல, நான் அழுகல. அடுப்புப் புகை. எந்திரிங்க தம்பி. பையை எடுத்துக்கிடுங்க, ஹெல்மெட்டை எடுத்துக்கிடுங்க. போயிச் சொல்லுங்க, லேயாள் வீடு இப்படியேதான் கிடக்கும்னு. மழை வரட்டும், பிள்ளை பிறக்கட்டும், நான் குடை புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். என் பேத்தியோ பேரனோ நனைஞ்சாலும் நனையட்டும், அதைப் பாத்து யாரும் உச்சுக் கொட்டக் கூடாது. போங்க.

போங்கன்னு சொல்லுதேன்லா?

என்ன, பையைக் கீழ வைக்கிய? எங்க போறிய, அந்தப் பக்கம் தொட்டிதான் இருக்கு. கையைக் கழுவுதியளா? எனக்காக வேண்டாம் தம்பி. ஏற்கெனவே தின்ன வயிறு, பாவம்னு பாத்து நீங்க ஒண்ணும் தின்ன வேண்டாம். பசிக்குதா? நெசமாவா? டீச்சர் வீட்டுல சரியாச் சாப்பிடலையா? அவிய வீட்டு மருமக சமையலு அப்படி, எனக்குத் தெரியும்.

இருங்க, தட்டைத் துடைச்சுத் தாறேன். சோறு போதுமா, இன்னும் வைக்கவா? குழம்பைப் பிசைஞ்சு தின்னுங்க. உப்பு எப்படி? உண்மையைச் சொல்லுங்க. கூடன்னா கூடன்னு சொல்லுங்க, கம்மின்னா கம்மின்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்கிட மாட்டேன்.

ஆனா ஒண்ணு. நீங்க தின்னதுக்காக அளக்க விட்டுருவேன்னு நினைக்காதிய. நீங்க தின்னது வேற, டீச்சர் தின்னணும்கிறது வேற. டேப்பு பைக்குள்ளயே கிடக்கட்டும்.

அண்ணாந்து கூரையைப் பாக்காதிய தம்பி. தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க.